ஸ்ட்ரிப்பா, சென்சாரா, ஆய்வகமா? ஒரே வீட்டில் இரண்டு சர்க்கரை நோயாளிகள்

பெரம்பூரில் உள்ள எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகள் உழைத்த குளுக்கோமீட்டர், கடந்த கோடையில் ஃபிரிட்ஜின் மேலிருந்து விழுந்து திரை உடைந்துபோனது. அதே மாதிரி இன்னொன்றை வாங்கியிருந்தால் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது; காலையும் இரவும் கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எனக்கு ஐம்பத்து மூன்று. மெட்பார்மின் மாத்திரை மட்டும்தான். நோயின் பெயர் ஒன்று என்பதற்காக இருவரும் ஒரே மீட்டரில், ஒரே வேளையில், வாரத்துக்கு ஒரே எண்ணிக்கையில் விரலைக் குத்திக்கொண்டிருந்தோம் என்பது அது உடைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எதை வாங்குவது என்று யோசித்தபோது ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்துக்கொண்டேன்: அளந்த எண்ணைப் பார்த்ததும் இன்றைக்கு எதையாவது மாற்றப் போகிறோமா, இல்லையா? விலையும் வசதியும் துல்லியமும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

என் தாத்தா காலத்தில் தேர்ந்தெடுக்க இவ்வளவு இருக்கவில்லை. பேராசிரியர் எம். விசுவநாதன் இராயபுரத்தில் 1954இல் பொது மருத்துவமனையாகத் தொடங்கியது, 1971இல்தான் நீரிழிவுக்கென்றே ஆன மருத்துவமனையாக மாறியது. அந்தத் தலைமுறை நோயாளிகள் வீட்டில் செய்ய முடிந்தது சிறுநீர்ச் சோதனை மட்டுமே. சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்து, நீலமா, பச்சையா, மஞ்சளா, செங்கல் நிறமா என்று பார்ப்பார்கள். இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் வடியும் என்பதால், 170ம் 70ம் அந்தக் குழாயில் ஒரே நீலமாகத்தான் தெரியும். தாழ்சர்க்கரையைக் காட்ட அந்தக் காலத்தில் வீட்டில் எந்த வழியும் இல்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தமும் ஐந்து விநாடியும் போதும் என்ற நிலை எவ்வளவு பெரிய வசதி என்பதை, அதன் குறைகளைச் சொல்லத் தொடங்கும் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மீட்டரின் முதல் குறையாகப் பலரும் சொல்வது, ‘லேபில் 118, மீட்டரில் 131, அப்படியென்றால் மீட்டர் பொய் சொல்கிறது’ என்பது. சர்வதேசத் தர அளவான ஐஎஸ்ஓ 15197இன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மீட்டரிடம் எதிர்பார்ப்பதைத் தெரிந்துகொண்டால் இந்தச் சண்டை பாதி குறையும். உண்மையான அளவு 100க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் மேலே கீழே, 100 அல்லது அதற்கு மேல் என்றால் 15 விழுக்காடு மேலே கீழே. நூறு அளவீடுகளில் 95 இந்த எல்லைக்குள் இருந்தால் மீட்டர் தேறிவிட்டது. அதாவது உண்மை 120 என்றால், தரமான மீட்டர் 102 என்றும் காட்டலாம், 138 என்றும் காட்டலாம். உண்மை 200 என்றால் 170 முதல் 230 வரை எதுவும் தவறில்லை. எனவே நேற்று 124, இன்று 133 என்று காலைக் காபியைத் தள்ளிவைத்துவிட்டுக் கவலைப்படுவதில் பொருளில்லை. அந்த ஒன்பது புள்ளி வித்தியாசம் உடலுடையதா கருவியுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே மீட்டர் 58 என்று காட்டினால், உண்மை 50ஆக இருந்தாலும் 68ஆக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

அந்த 58 எங்கள் வீட்டில் உண்மையாகவே நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பின்னிரவில் அம்மாவின் இரவுடை வியர்வையில் நனைந்திருக்க, கை நடுங்க, ‘ஏம்ப்பா, ஒரு மாதிரியா இருக்கு’ என்று எழுப்பினார். மீட்டர் 58 காட்டியது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் 84. அந்த நேரத்தில் ஆய்வகம் உதவியிருக்காது. இன்சுலின் போடுபவர்கள் இருக்கும் வீட்டில், வேறு எது வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒரு விரல் மீட்டர் இருந்தே தீர வேண்டும் என்று நான் சொல்வது இந்த இரவை வைத்துத்தான்.

ஆனால் மீட்டரைக் குறை சொல்லும் முன் கையைப் பார்க்க வேண்டும். ஒரு மே மாத மாலையில் பங்கனப்பள்ளி மாம்பழம் நறுக்கிய கையோடு நான் சோதித்துப் பார்த்ததில் 312 வந்தது. பழத்தை ஒரு துண்டுகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தால் 141. விரலில் பழச்சாறு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் எண் எகிறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றியெடுப்பது அதைப் போக்காது, தண்ணீர்தான் போக்கும். சொட்டு வரவில்லை என்று விரலைப் பிசைந்து பிழிவதும் தவறு, ஏனெனில் இரத்தத்தோடு திசுநீரும் சேர்ந்து எண்ணைக் குறைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, கையைத் தொங்கவிட்டு, விரல் நுனியின் நடுவில் அல்லாமல் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு, சொட்டும் தானாக வரும். ஐம்பது ஆண்டுகள் அடுப்படியில் உழைத்துக் காய்த்துப்போன விரல்களைக் கொண்ட அம்மாவுக்கு, விரலைக் குத்தும் ஊசியான லான்செட்டைத் தாங்கும் பேனாவின் ஆழத்தை என்னுடையதைவிட இரண்டு எண் கூட்டி வைக்க வேண்டியிருந்தது.

சென்னைக்கென்று ஒரு தொல்லை உண்டு. மீட்டரில் செருகி இரத்தச் சொட்டைத் தொடவைக்கும் சோதனைப் பட்டைதான் ஸ்ட்ரிப்; பெரும்பாலான ஸ்ட்ரிப் டப்பாக்களில் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருக்கும். கத்திரி வெயிலில் இந்த ஊரில் குளிர்சாதனம் இல்லாத எந்த அறை 30க்குக் கீழே இருக்கிறது? நாங்கள் வைத்திருந்த இடமோ ஃபிரிட்ஜின் மேல்புறம், அதாவது வீட்டின் வெப்பமான மூலைகளில் ஒன்று. ஃபிரிட்ஜுக்குள் வைப்பதும் சரியல்ல, வெளியே எடுக்கும்போது ஸ்ட்ரிப்பில் ஈரம் பூக்கும். காற்றோட்டமான அறையில், வெயில் படாத அலமாரியின் கீழ்த்தட்டில், எடுத்தவுடன் மூடி இறுக்கி வைப்பதே நடைமுறையில் முடிந்தது. ஐம்பது ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்துவிட்டு வாரத்துக்கு ஒன்று என்று ஓராண்டு இழுப்பது சிக்கனமாகத் தோன்றினாலும், கடற்காற்றின் ஈரத்தில் கடைசி இருபது ஸ்ட்ரிப் என்ன காட்டும் என்பதை நான் நம்ப மாட்டேன். குறைவாகச் சோதிப்பவர்கள் இருபத்தைந்து கொண்ட சிறிய டப்பா வாங்குவதே மேல்.

எந்த மீட்டர் என்ற கேள்விக்கு மருந்துக்கடையில் கிடைத்த பதில், எதற்குச் சலுகை ஓடுகிறதோ அதுதான். மீட்டரின் விலையைப் பார்த்து முடிவு செய்வது, பிரிண்டரை மலிவாக வாங்கிவிட்டு மைக்குச் சொத்து எழுதிவைப்பதைப் போன்றது. ஒரு மீட்டரின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் பொருந்தாது. ஒரு ஸ்ட்ரிப் கடைக்கும் பிராண்டுக்கும் ஏற்பப் பத்து ரூபாயிலிருந்து இருபத்தைந்து ரூபாய் வரை ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் மீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. நான் கையில் எடுத்துப் பார்த்தவை நான்கு. அக்யூ-செக் ஆக்டிவ் ஸ்ட்ரிப்பின் நிறமாற்றத்தை ஒளியால் படிக்கும் பழைய முறை. சற்றுப் பெரிய சொட்டு கேட்கும். ஒன்டச் செலக்ட் பிளஸ் எண்ணோடு நிறத்தையும் காட்டி, குறைவா, சரியா, கூடுதலா என்று சொல்லும். இது கண்புரை உள்ளவர்களுக்கு எண்ணைவிட உதவும். கான்டூர் பிளஸில் முதல் சொட்டு போதாவிட்டால் அதே ஸ்ட்ரிப்பில் இன்னும் கொஞ்சம் தொட்டுச் சேர்க்கலாம். கை நடுங்குபவர் வீட்டில் மாதத்துக்கு நான்கைந்து ஸ்ட்ரிப் இதனாலேயே மிச்சமாகும். டாக்டர் மோர்பென் நம் நாட்டு நிறுவனத்தினுடையது. ஸ்ட்ரிப்பின் மலிவில் மற்ற மூன்றும் அதை நெருங்கவில்லை. அம்மாவுக்காகப் பார்த்தால் சொட்டைச் சேர்க்க முடிவது எனக்கு நிறத்தைவிட முக்கியமாகப் பட்டது.

இதில் ஒரு மருத்துவ நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். இரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அம்மாவின் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டுவதில்லை. ஆகவே பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்து, எந்த ஹெமாட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவு வரை அந்த ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்யும் என்று பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் தன் வாழ்நாளில் யாரும் அந்தத் தாளைக் கேட்டதில்லை என்றார்.

ஆய்வகம் துல்லியத்தின் இறுதிச் சொல் என்ற நம்பிக்கையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. குழாயில் எடுத்த இரத்தத்தில் அணுக்கள் உயிரோடு இருப்பதால், அவை சர்க்கரையை மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை தின்றுகொண்டே இருக்கும். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளோரைடும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இதை முழுதாகத் தடுப்பதில்லை. காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் இரத்தம் எடுத்துக்கொண்டு, மேலும் ஆறு வீடு ஏறி இறங்கி, புரசைவாக்கம் நெரிசலைக் கடந்து ஆய்வகம் சேரும் இளைஞரின் பையில், 140 என்ற சர்க்கரை பதினைந்து, இருபது குறைந்திருந்தால் அது அவர் குற்றமல்ல. மேலும் சாப்பிட்ட பின் விரல் நுனி இரத்தத்தில் உள்ள சர்க்கரை, கை நரம்பில் எடுப்பதைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மீட்டரையும் ஆய்வகத்தையும் ஒப்பிட விரும்பினால், வெறும் வயிற்றில், ஆய்வகத்திலேயே அமர்ந்து, நரம்பில் எடுத்த அதே நிமிடத்தில் விரலிலும் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தபோது எங்களுடைய இரண்டு எண்களுக்கும் ஏழே புள்ளி வித்தியாசம்.

ஆனால் ஆய்வகத்தால் மட்டும் முடிவதும் உண்டு. எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகியவற்றை வீட்டு மீட்டர் சொல்லாது. எச்பிஏ1சிக்கும் இரத்தசோகை எதிரி. இரும்புச்சத்துக் குறைவு அதை உண்மைக்கு மேல் உயர்த்திக் காட்டும். எண்ணில் 7.9 என்று பார்த்து மருந்தைக் கூட்டியிருந்தால் அம்மாவின் இரவுகள் இன்னும் மோசமாகியிருக்கும்.

அந்த இரவுகளை எங்களுக்குக் காட்டியது சென்சார். மேற்கையின் பின்புறம் ஒட்டும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டு. அதன் அடியில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு மயிரிழை போன்ற ஒன்று தோலுக்குள் நிற்கும். இரத்தத்தை அது தொடுவதில்லை, திசுநீரில் உள்ள சர்க்கரையை அளந்து பதினான்கு நாள் விடாமல் பதிவு செய்யும். மருத்துவர் சொல்லி ஒரு முறை போட்டோம். விரல் மீட்டரில் அம்மாவின் காலை எண் எப்போதும் 130, 140 என்று நல்ல பிள்ளையாக இருந்ததால், இரவு ஏழு மணிக்கே இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளும் நாட்களில் விடியற்காலை இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் 62, 65 என்று தாழ்ந்து மீண்டிருப்பது எங்களுக்குத் தெரியவே இல்லை. காலைச் சிற்றுண்டிக்குப் பின் 260ஐத் தொடும் மலை ஒன்றும் வரைபடத்தில் இருந்தது. மருத்துவர் இரவு இன்சுலினை நான்கு யூனிட் குறைத்தார், படுக்கும் முன் அரை டம்ளர் பால் சேர்த்தார். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு 70க்குக் கீழே போகும் நேரம் நாளில் ஒரு விழுக்காட்டுக்கு, அதாவது கால் மணி நேரத்துக்கு, மேல் கூடாது என்பதே மருத்துவர்கள் வைக்கும் குறி. ஆண்டுக்கணக்கில் விரலைக் குத்தியும் கிடைக்காத தகவல் இரண்டு வாரத்தில் கிடைத்தது. என் அளவுகோலின்படி இது எண்ணைப் பார்த்ததும் எதையோ மாற்றிய அளவீடு.

அப்படியானால் ஏன் ஆண்டு முழுவதும் போட்டுக்கொள்ளக் கூடாது? ஒரு சென்சார் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது, ஆண்டுக்கு இருபத்தாறு வேண்டும், ஒரு லட்சத்து முப்பதாயிரம். ஸ்ட்ரிப் இருபது ரூபாய் என்றே வைத்து நாளுக்கு இரண்டு முறை குத்தினாலும் பதினான்காயிரத்து அறுநூறுதான். அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல. பணம் பொருட்டில்லை என்பவர்களுக்கும் சில தொல்லைகள் சொல்ல வேண்டும். சென்சார் ஒட்டும் இடமும் ரவிக்கைக் கையின் விளிம்பும் ஒன்றுதான். ஒவ்வொரு முறை உடுத்தும்போதும் உரசும். வியர்வையும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் ஒட்டுப் பசையை விடவைக்கும். எங்கள் இரண்டாவது சென்சார் ஒன்பதாம் நாளே கழன்று தலையணையில் கிடந்தது. அந்தக் கைப்பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தால் திசு அழுந்தி இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டும். ஒரு நாள் 61 என்று பார்த்துப் பதறி விரலில் குத்தினால் 104.

திசுநீர் இரத்தத்துக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் பின்தங்கியே ஓடும் என்பதும் சின்ன விவரமல்ல. தாழ்சர்க்கரைக்குச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுச் சென்சாரைப் பார்த்தால் இன்னும் குறைவாகவே காட்டும். பயத்தில் மீண்டும் குடித்தால் ஒரு மணி நேரத்தில் 280. அந்த நேரத்துக்கு விரல் மீட்டரே சரி. தாழும்போது தானாக ஒலி எழுப்பும் சென்சார்களும் உண்டு, நாம் போனைக் கொண்டுபோய்க் காட்டினால் மட்டுமே சொல்லும் சென்சார்களும் உண்டு. இன்சுலின் போடும் முதியவருக்கு வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஆனால் விற்பவர்கள் முதலில் பேசுவது செயலியின் அழகைப் பற்றி.

போனை நம்பியிருப்பதன் விலையை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் இருக்கும் என் தங்கையின் கணவர் கண்டுகொண்டார். அவர் இன்சுலின் போடுபவர். அப்போது சென்சாருக்கு மாறி விரல் மீட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, முழங்கால் தண்ணீர், போன் இரண்டாம் நாள் காலையில் அணைந்தது. கையில் ஒட்டியிருந்த சென்சார் அளந்துகொண்டுதான் இருந்தது, அதைப் படிக்கத்தான் எதுவும் இல்லை. அந்த வகை எட்டு மணி நேரப் பதிவைத்தான் தன்னுள் வைத்திருக்கும். மாடி வீட்டுப் பாட்டியிடம் இருந்த, பொத்தான் பேட்டரியில் ஓடும் பழைய மீட்டரும் நான்கு ஸ்ட்ரிப்பும்தான் அவருக்கு உதவின. இப்போது அந்த வீட்டில் இரண்டும் இருக்கின்றன.

என் விஷயத்துக்கு வருகிறேன், இது சுருக்கமானது. மெட்பார்மின் தனியாக யாரையும் தாழ்சர்க்கரைக்குத் தள்ளுவது அரிது. வட கரோலினாவில் இன்சுலின் போடாத 450 நீரிழிவு நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவை வீட்டில் சோதிக்காமலும் மற்ற இரண்டை நாளுக்கொரு முறை சோதித்தும் ஓராண்டு கவனித்த ஆய்வு 2017இல் வெளியானது. ஆண்டு முடிவில் எச்பிஏ1சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. படித்தபோது கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது, ஏழு ஆண்டுகளாகத் தினமும் காலையில் குத்திக்கொண்ட விரல் என்னுடையதல்லவா. யோசித்துப் பார்த்தால், காலை 128 என்றாலும் 142 என்றாலும் அதே மாத்திரையைத்தான் போட்டேன், அதே மூன்று தோசையைத்தான் சாப்பிட்டேன். பயன்பட்டது வேறு விதமாகச் சோதித்தபோதுதான்: ஒரே உணவுக்கு முன்னும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் இணையாகப் பார்த்தபோது, பொன்னி அரிசிச் சாதம் 85 புள்ளி ஏற்றியது, அளவைப் பாதியாக்கிக் கூட்டுப் பொரியலைக் கூட்டியபோது 45 ஏற்றியது. அது என் உடலைப் பற்றிய சேதி; அதைப் பார்த்து நான் தட்டை மாற்றினேன். இதற்குக் காலாண்டுக்கு ஒரு வாரம், பத்துப் பன்னிரண்டு ஸ்ட்ரிப் போதும்.

மீட்டர் வாங்க இயலாத வீடுகளுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மருந்தும் தருகிறார்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ‘ஐசிஎம்ஆர்-இன்டியாப்’ ஆய்வு கணக்கிட்டிருக்கும் நிலையில் இது பெரிய காரியம்தான். மாத்திரையில் இருப்பவர்களுக்கு மாதம் ஒரு அளவீடு பயன் தரும்; இன்சுலின் அளவை அதை வைத்துத் திருத்த முடியாது. தோலைத் துளைக்காமல் சர்க்கரை சொல்வதாக இணையக் கடைகளில் விற்கும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் பற்றி ஒரே வரி: அப்படி எதற்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது, எங்கள் உறவில் ஒருவர் அதன் பிறகும் வாங்கினார், மேசை விளிம்பில் கட்டிப் பார்த்தபோதும் அது 108 காட்டியது.

ஆக, வாங்கியது இரண்டு மீட்டர். அம்மாவுக்குச் சொட்டைச் சேர்க்க முடிகிற, இரத்தசோகையைத் தாங்குகிற வகை. காலை வெறும் வயிற்றில் ஒன்று, இரவு இன்சுலினுக்கு முன் ஒன்று, உடம்பு ஒரு மாதிரி இருந்தால் எந்த நேரமும் ஒன்று. எனக்கு ஸ்ட்ரிப் மலிவான வகை, சிறிய டப்பா, காலாண்டுக்கு ஒரு வாரம், மற்றபடி மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வகம். பயன்படுத்திய லான்செட்டுகளைக் குப்பைப் பையில் போடுவதை நிறுத்திவிட்டோம். குப்பையைப் பிரிப்பவர் கையில் அது ஏறக் கூடாது என்பதற்காகத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மூடி ஒட்டி, அபாயக் கழிவு என்று எழுதித் தனியாகக் கொடுக்கிறோம்.

சென்சார் ஆண்டுக்கு இரண்டு முறை, மருந்து மாற்றிய பிறகு ஒன்று, மற்றொன்று நாங்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம் எது என்பதில்தான் இன்னும் உடன்பாடு இல்லை. விடியற்காலையில் கோயில் வெண்பொங்கல் கையில் கிடைக்கும் மார்கழியில்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. சாதாரண நாட்களில் போட்டால்தானே சாதாரணமாக எப்படி இருக்கிறது என்று தெரியும், மார்கழி வேண்டாம் என்கிறார் அம்மா. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, காரணம்தான் அதுவல்ல. அடுத்த மாதம் மருத்துவரிடம் கேட்பதாக இருக்கிறோம்.